பாணி மருந்து மூடி

கைக்குழந்தைக்குப் பாணி மருந்து கொடுக்கும்போது அளவு பார்ப்பது சுலபம் ஐயா. வாயைத் திறக்க வைப்பதுதான் கஷ்டம். சிலர் மூக்கைப் பிடிப்பார்கள், சிலர் பயமுறுத்துவார்கள். நான் எதுவும் செய்வதில்லை. பிள்ளை என் முகத்தைப் பார்க்கும் வரை காத்திருப்பேன். பார்த்துவிட்டால் வாய் தானாகத் திறக்கும். பதினாறு வருடமாகத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் இருக்கிறேன். தாய்மார் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது பிள்ளைகளை என்னிடம்தான் விட்டுப்போகிறார்கள். என் கையால் கொடுத்த மருந்தை இதுவரை ஒரு பிள்ளையும் துப்பியதில்லை.

நான் வந்தது வேறு விஷயத்துக்கு. உங்கள் மரண விசாரணை அறிக்கையில் ஒரு வரி பிழை. அதைத் திருத்தத்தான் பூனாகலைப் பக்கமிருந்து இரண்டு பஸ் மாறி பதுளைக்கு வந்திருக்கிறேன். என் தம்பி கிஷாந்தன், வயது முப்பத்திரண்டு, குடியை நிறுத்தும் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் இரகசியமாக மது அருந்தியதால் இறந்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அவனுக்கு இரகசியமாக எதையும் செய்யத் தெரியாது. சின்ன வயதில் சீனி திருடித் தின்றால்கூட என்னிடம் வந்து வாயைத் திறந்து காட்டுவான்.

எங்கள் அம்மா வீட்டு வேலைக்கு வெளிநாடு போனபோது அவனுக்கு மூன்று வயது, எனக்குப் பன்னிரண்டு. அம்மா திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு அவனுக்குச் சோறு ஊட்டியது நான். கல்யாணம் பேசி வந்தவர்களைத் திருப்பி அனுப்பியதும் நான்தான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அதை ஒரு தியாகமாக நான் சொல்லிக்கொண்டு திரிவதும் இல்லை.

அவன் தேயிலை ஃபெக்டரியில் மெஷின் வேலை செய்தான். இருபத்தைந்து வயதில் குடி பழகிவிட்டது. தவறணையில் குடித்துவிட்டு வரும் வழியில் பாதையோரத் தண்ணீர்க் கானில் விழுந்து கிடப்பான். இரண்டு முறை எங்கள் லயத்து வரிசை வீட்டு ஆட்கள் தூக்கி வந்தார்கள். மூன்றாவது முறை நானே போய்த் தூக்கினேன். அடுத்த நாள் சொன்னேன்: "இனி வெளியில குடிக்காத. வீட்டுல குடி. நான் ஊத்துறேன்."

பிள்ளைக் காம்பராவிலிருந்து பாணி மருந்து மூடி ஒன்று எடுத்து வந்தேன். முப்பது மில்லி வரை கோடு போட்ட சின்ன பிளாஸ்டிக் மூடி. சாயந்தரம் ஆறு மணிக்கு இரண்டு மூடி. கூடவே அவித்த கடலை, முட்டை. முதல் மாதம் சண்டை பிடித்தான். பிறகு ஆறு மணியானால் தானாக வந்து பலகையில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்ப்பான். அன்றைக்கு ஃபெக்டரியில் நடந்ததையெல்லாம் சொல்வான். ஃபெக்டரிப் பெரியவர் டீமேக்கர் நடப்பது மாதிரி நடந்து காட்டுவான். நான் சிரிப்பேன். அப்படியே ஐந்து வருடம். அந்த ஐந்து வருடத்தில் அவன் ஒரு நாளும் விழவில்லை, ஒரு நாள் வேலையும் விடவில்லை. இதை எந்த டொக்டர் செய்தார் என்று சொல்லுங்கள்.

நலன்புரி உத்தியோகத்தர் சரவணமுத்து சேருக்கு விஷயம் தெரிந்து என்னை மாதர் சங்கக் கூட்டத்தில் பேச வைத்தார். அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் பெண்கள் வந்திருந்தார்கள். "குடிக்காதன்னு சொல்லாதீங்க. அளவைக் கையில எடுங்க" என்று சொன்னேன். கை தட்டினார்கள். கூட்டம் முடிந்ததும் பக்கத்து வீட்டு இராக்கம்மா எழுந்து, "எனக்கும் ஒரு மூடி குடு செல்வநாயகி. ஆனா எங்க வீட்டு ஆளு மூடியையும் சேத்து முழுங்கிடுவான்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். கிஷாந்தன் பின்வரிசையில் இருந்து சிரித்தான். அவனைக் காட்டித்தான் நான் பேசினேன். அவனுக்கு அதில் பெருமை என்றுதான் நினைத்திருந்தேன்.

பிறகு சுலோஜினி வந்தாள். பண்டாரவளையில் தையல் வேலை செய்கிற பெண். நல்ல பெண்தான், அவள்மேல் எனக்கு ஒன்றும் இல்லை. அவளுடைய அப்பா குடித்தே செத்தவர். ஒரு சொட்டுக் குடிக்கிறவனையும் கட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவளுடைய அண்ணனுக்கு மொனராகலையில் கரும்புக் காணி இருக்கிறது. கல்யாணம் முடிந்ததும் அங்கே போய்விடுவது என்று இருவரும் பேசி முடித்துவிட்டார்கள்.

ஒரு நாள் ஆறு மணிக்கு மூடியோடு வந்தேன். அவன் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னான்.

"அக்கா, இனி வேணாம். மிச்சத்தக் கீழ ஊத்திரு."

"ரெண்டு மூடிதானே. யாருக்கு என்ன கெடுதல்?"

"ரெண்டு மூடின்னாலும் எனக்கு வயசு முப்பத்திரண்டு அக்கா. கூட்டத்துல நீ என்னக் காட்டிப் பேசுறப்ப, நான் ஒன்னோட காம்பராப் பிள்ளை மாதிரி இருந்துச்சு."

அவன் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குக் கோபம் வரவில்லை. போத்தலில் முக்கால்வாசி சாராயம் இருந்தது. நான் கீழே ஊற்றவில்லை, போத்தலை மூடி வைத்தேன்.

டவுனில் ஒரு கிளினிக்குக்கு அவனே என்னைக் கூட்டிப்போனான். நிவேதிகா என்று யாழ்ப்பாணத்து டொக்டர். பொறுமையான பிள்ளை. "வீட்டிலை ஆர் இவரைப் பாக்கிறது?" என்று கேட்டார். நான்தான் என்றேன். "அப்ப மாத்திரையை நீங்கதான் உங்கட கையாலை குடுக்கோணும் அக்கா. மறந்தும் ஒரு சொட்டுக் குடிச்சாரெண்டால் ஆளுக்கு ஆபத்து. எல்லாம் இதிலை இருக்கு, ஆறுதலா வாசிச்சுக் காட்டுங்கோ" என்று ஒரு தாளைத் தந்தார். தமிழ்த் தாள் முடிந்துவிட்டதாம், சிங்களத்தில் இருந்தது. தம்பிக்குச் சிங்களம் பேசத்தான் வரும். நான் பிள்ளைக் காம்பராப் பயிற்சிக்காக வாசிக்கவும் படித்திருக்கிறேன். பஸ்ஸில் வரும்போதே வாசித்துக் காட்டினேன்.

காலையில் மாத்திரையை என் கையால் கொடுத்தேன். ஒரு நாளும் விடவில்லை. மூன்று வாரத்தில் அவன் முகம் தெளிந்துவிட்டது. ஃபெக்டரி விட்டதும் பண்டாரவளைக்குப் பஸ் ஏறுவான். வந்தால் போனில் பேசிக்கொண்டே லயத்துக்கு மேலே இருக்கிற பாதையில் நடப்பான். கடலை அவித்து வைத்தால் இரண்டைக் கொறித்துவிட்டுப் போவான். குடிக்காத ஆளுக்கு ஆறு மணி என்ற ஒன்றே கிடையாது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

கொஞ்சம் களைப்பாக இருக்கிறது என்றான். நான் நஸீர் நானாவின் நாட்டு மருந்துக் கடைக்குப் போய் அரிஷ்டம் கேட்டேன். யாருக்கு என்று அவர் கேட்டார். எனக்குத்தான் என்றேன். "பாத்துக் குடிங்க தங்கச்சி, அரிஷ்டத்துல கொஞ்சம் வெறி ஈக்கி. இதுக்குன்டே வாங்கிட்டுப் போற பெரிய மனுசரும் ஈக்காங்க" என்று சிரித்தார். நல்ல மனிதர். அவரை இதில் எழுத வேண்டாம்.

தம்பி அரிஷ்டத்தைக் கையில் வாங்கி மோந்து பார்த்தான். "இது குடிக்கலாமா அக்கா?" என்று கேட்டான். மருந்துதானே என்றேன். என் முகத்தைப் பார்த்தான். பிறகு வாயைத் திறந்தான்.

நான் அதில் அரை மூடி சாராயம் கலந்திருந்தேன். எழுதுங்கள் ஐயா, பேனாவைக் கீழே வைக்க வேண்டாம். தாய்ப்பாலையே ஒரே நாளில் மறக்கடிக்கக் கூடாது என்றுதான் எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித்தந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். ஐந்து வருடம் பழகிய உடம்பை அந்தப் பெண்ணின் ஒரு சொல்லுக்காக வெட்டி நிறுத்தியது யாருடைய குற்றம்? நான் செய்தது நியாயம். இன்றைக்கும் அப்படித்தான் செய்வேன்.

கால் மணித்தியாலத்தில் அவன் முகம் சிவந்தது. நெஞ்சு அடிக்கிறது என்றான், வாந்தி எடுத்தான். நான் முதுகைத் தடவிவிட்டேன். "மாத்திரை ஒத்துக்கல போல" என்றான். "பழசெல்லாம் வெளிய வருது, அப்படித்தான் இருக்கும்" என்றேன். அன்று அவன் போனைத் தொடவில்லை. என் மடியில் தலை வைத்துப் படுத்தான். எட்டு நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுத்தேன். களைத்துப்போய் பண்டாரவளைக்குப் போவதை விட்டுவிட்டான்.

ஒன்பதாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்று அரிஷ்டத்தைக் கொஞ்சம் நேரத்தோடு கொடுத்துவிட்டேன். ஐந்தரை மணியிருக்கும், சுலோஜினி வீட்டுக்கு வந்தாள். அவன் சிவந்த முகத்தோடு வாசலில் இருந்தான். அவள் கிட்டப் போய் நின்றாள்.

"ஊது."

"என்னாது?"

"வாய ஊதுன்னு சொல்றேன்."

ஊதினான்.

"அரிஷ்டம் புள்ள. அக்கா வாங்கித் தந்துச்சு."

"அரிஷ்ட வாசமும் எனக்குத் தெரியும், சாராய வாசமும் தெரியும். எங்கப்பா மேல பதினெட்டு வருசம் மோந்திருக்கேன்."

"சத்தியமா குடிக்கல சுலோ. அக்கா, நீயாச்சும் சொல்லு."

அவளும் என்னைப் பார்த்தாள். "மதினி, நீங்க சொன்னா நான் நம்புறேன்."

இராக்கம்மாவும் தன் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் யோசித்துத்தான் சொன்னேன்.

"குடிக்கலன்னு அவன் சொல்றான். தம்பி சொன்னா நம்பித்தானே ஆகணும்."

அதில் பொய் ஒன்றும் இல்லை. சுலோஜினி திரும்பிப் படி இறங்கிப் போனாள். அவன் பின்னால் ஓடவில்லை. உள்ளே வந்து பலகையில் உட்கார்ந்தான். ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக அந்தப் பலகையில் உட்கார்ந்தான். மணி ஆறு.

"நாளைக்குக் கிளினிக் போறேன்க்கா" என்றான். "டொக்டரம்மாகிட்ட ரத்தம் எடுத்துப் பாக்கச் சொல்றேன். இந்த அரிஷ்டப் போத்தலையும் கொண்டு போய்க் காட்டுறேன். தாள்ல எழுதித் தந்தா அவ நம்புவா தானே?"

நம்புவாள் என்றேன்.

"அழுதாக்க தேவலாம் போல இருக்கு. அழுகையும் வரல. அந்த மருந்தக் கொஞ்சம் தாக்கா, நெஞ்சுக்குத் தெம்பா இருக்கும்."

அவனே கேட்டான் ஐயா. அன்றைக்கு அரை மூடி போதாது என்று எனக்குத் தெரிந்தது. பழைய அளவு, இரண்டு மூடி சாராயம், மேலே கொஞ்சம் அரிஷ்டம். மனம் உடைந்த பிள்ளைக்கு அது தேவைப்பட்டது. கிளினிக், ரத்தம் என்று அவன் சொன்னதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இதை நான் பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன், சம்பந்தம் இல்லை.

குடித்துவிட்டு டீமேக்கரைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தான். முடிக்கவில்லை. மூச்சு வாங்கியது. என் கையைப் பிடித்துக்கொண்டான். சத்தம் கேட்டு இராக்கம்மா ஓடி வந்தாள். "லொறியக் கூப்பிடவாடி? ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிரலாம்" என்றாள். "பொறு, அடங்கிரும்" என்றேன். இருபது நிமிடத்தில் அடங்கியது.

செத்த வீட்டுக்குச் சுலோஜினி வந்து பாதையிலேயே நின்றுவிட்டுப் போனாள். போன வாரம் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் ஆட்களெல்லாம் நிற்கும்போது சரவணமுத்து சேர் பேசினார். அக்கா அவ்வளவு பாடுபட்டும் ஒளித்துக் குடித்துச் செத்தான், பாடம் படியுங்கள் என்றார். பெண்கள் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். என் தம்பியை ஒருவரும் பொய்யன் என்று சொல்லக் கூடாது. அதற்காகத்தான் வந்தேன். பயந்து வரவில்லை, மன்னிப்புக் கேட்கவும் வரவில்லை.

டொக்டர் தந்த அந்தச் சிங்களத் தாளைக் கொண்டு வந்திருக்கிறேன். ஒன்பது வரி. அரிஷ்டம், இருமல் பாணி, வெறி உள்ள எந்த மருந்தும் கொடுக்க வேண்டாம், உயிருக்கு ஆபத்து என்பது எட்டாவது வரி. பஸ்ஸில் அவனுக்கு எட்டு வரி வாசித்துக் காட்டினேன். ஏழாவதுக்குப் பிறகு ஒன்பதாவது. ஏன் என்று அப்போது எனக்கே தெரியாது. அப்போது அரிஷ்டம்கூட வாங்கியிருக்கவில்லை.

இரகசியமாக அருந்தினான் என்பதை வெட்டிவிடுங்கள். அக்கா கொடுத்தாள், அவன் வாயைத் திறந்தான் என்று எழுதுங்கள். எத்தனை மூடி என்பதையும் எழுதுங்கள். கோட்டுக்கு மேலே ஒரு சொட்டும் போகவில்லை. என் தம்பி கடைசி வரைக்கும் அளவோடுதான் குடித்தான்.