மாட்டுப்பொங்கலுக்கு வெள்ளையடித்த தொழுவம்

1. விசில் போல ஒரு சத்தம். முதல் குண்டு வைக்கோல் படப்பில் விழுகிறது.
2. சித்தி என் பின்கழுத்தைப் பிடித்து வரப்போடு அழுத்துகிறாள். "படுட்டி! தலையத் தூக்காத!"
3. இரண்டாவது குண்டு தொழுவத்தின் வடக்குச் சுவரில். கல் பறக்கிறது. மாடுகள் உள்ளே கட்டிக் கிடக்கின்றன.
4. சித்தப்பா எழுந்து தொழுவத்துக்கு ஓடுகிறார். "போகாதிய! ஏங்க, போகாதிய!" சித்தி கத்துகிறாள்.
5. மூன்றாவது குண்டு.

உலகப் போரின் கடைசித் தை. மாட்டுப்பொங்கல் காலை. சங்கரன்கோவிலிலிருந்து கரிவலம்வந்தநல்லூர் போகும் பாதையில் எங்கள் பண்ணை. எனக்குப் பதின்மூன்று வயது. அப்பா அம்மா இல்லாத என்னைச் சித்தப்பாவும் சித்தியும் வளர்த்தார்கள். எதிரி எங்கள் மேல் குண்டு போடவில்லை. எங்களைக் காக்க வந்ததாகச் சொன்ன பட்டாளம் போட்டது.

இன்று நான் கட்டட வரைபடம் வரைகிறவள். அந்தப் பண்ணையையும் வரைந்திருக்கிறேன். முதலில் தாத்தா கட்டிய மண் வீடு. அப்பா பிறந்த வருடம் தானியக் கொட்டாரம். பிறகு கிணற்றடியில் ஓடு வேய்ந்த எஞ்சின் அறை. கடைசியாகத் தொழுவம். கருங்கல் சுவர், தேக்கு உத்திரம். சித்தப்பா எழுப்பியது. மனுசனுக்கு மண்ணு, மாட்டுக்குக் கல்லா என்று ஊர் சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார்.

எங்கள் தரிசுக்கு அப்பால் பட்டாளம் பீரங்கி பழகியது. மண்சுவர் எழுப்பிச் சுண்ணாம்பு அடித்து, அதைக் குறியாக வைத்துச் சுட்டது. தரிசுப் பக்கம் போகக் கூடாது என்று ஊரில் தமுக்கடித்தார்கள். போகவில்லை. வேறு எதுவும் எங்களிடம் சொல்லவில்லை.

பொங்கலுக்குத் தொழுவத்தை வெள்ளையடித்துக் காவிப் பட்டை போடுவது எங்கள் வழக்கம். முந்தின நாள் அடித்தோம். "ஏட்டி, சுவருக்குப் பூசச் சொன்னா மூஞ்சிக்குப் பூசிட்டு நிக்கே. மாட்டோட சேத்து உன்னையும் கட்டணும்" என்றார் சித்தப்பா. இருட்டிவிட்டது. காவியைக் காலையில் போடலாம் என்றார். விடியும்போது சுவர் முழுக்க வெள்ளை.

குண்டுகள் ஓய்ந்த பிறகு ஓர் அதிகாரி ஜீப்பில் வந்தான். கூட வந்தவன் தமிழில் சொன்னான். "வெள்ளச் சுவருதான் குறி. நீங்களே வெள்ளயடிச்சா தொர என்ன செய்வாரு?"

"தெனமும் இங்கன வந்து எங்க பாலத்தான வாங்கிக் குடிச்சிய? தொழுவம்னு தெரியாதா, வே?" என்றாள் சித்தி.

அவன் அதை மொழிபெயர்க்கவில்லை. ஜீப் போய்விட்டது.

முதல் குண்டு விழுந்ததும் நாங்கள் வெட்டவெளியில் வரப்புக்கு ஓடினோம். அவர்களிடம் தூரக்கண்ணாடி இருந்தது. பார்த்துச் சுட்டார்களா, பார்க்காமல் சுட்டார்களா? இரண்டில் எதையும் நான் மன்னிக்கவில்லை.

இழந்தவை: தொழுவம். தீயில் கொட்டாரம். மண் வீட்டின் கூரை. நான்கு பசு. இரண்டு உழவுகாளை. சித்தப்பா, வயது முப்பத்தொன்று. இரண்டு கன்றுகளின் கயிற்றை அறுத்திருந்தார். அவை பிழைத்தன.

பட்டாளம் போய்ப் பல வருடம் ஆகிறது. எஞ்சின் அறை மட்டும் நிற்கிறது. சித்தி அதில் குடியிருக்கிறாள். தவறு அவளுடையது அல்ல என்று அரசாங்கத்திலிருந்து இதுவரை யாரும் வந்து அவளிடம் சொல்லவில்லை.