துளை விழாத துப்பாக்கி

டீயில் பால் கொஞ்சம் தூக்கலாகிவிட்டது, மன்னியுங்கள் மிஸ்டர் ஹேனன். பிஸ்கட் எடுத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கியை என் பெயருக்கு மாற்ற வருகிற அதிகாரி துப்பாக்கி வைக்கிற பெட்டியின் பூட்டை ஆட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார் என்றுதான் நினைத்திருந்தேன். கையில் வாங்கியதும் உங்கள் முகம் மலர்ந்ததே, ஆள் ரசிகர் என்று அப்போதே தெரிந்துகொண்டேன்.

போல்ட்டைப் பின்னால் இழுங்கள். நெய் தடவின மாதிரி வழுக்கிக்கொண்டு வருகிறதா? என் அப்பா பிறப்பதற்கு முன்பே ஆஸ்திரியாவில் செய்தது. நம் தெற்குத் தீவு முழுக்கச் சல்லடை போட்டாலும் இப்படி இன்னொன்று அகப்படாது. கட்டையில் கன்னத்தை வைத்து, மூச்சைப் பாதியில் நிறுத்தி, விசையை லேசாக அழுத்தினால் தோளில் செல்லமாக ஒரு தட்டு. எதிர் மலையில் மான் விழுந்திருக்கும். அந்தச் சுகம் சொல்லி மாளாது.

அப்பா இதை என் தங்கை ஹீதருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதாவது அவள் புருஷன் நெவிலுக்கு. எனக்கு அதில் வருத்தமே இல்லை. நெவில் தங்கமான மனிதன். சமதரையிலும் சறுக்கி விழுவான், மானைக் குறிவைத்தால் மலையைத்தான் சுடுவான், ஆனால் வாயைத் திறந்தால் சிரிப்புதான்.

ஆண் மான்கள் கத்துகிற ஏப்ரலில் இரண்டு பேரும் வேட்டைக்குப் போனோம். கடைசி நாள் காலை, சாசேஜ் வறுத்துக்கொண்டே சொன்னான்:

"மச்சான், திங்கக்கிழமை இத கிரைஸ்ட்சர்ச் கொண்டு போறேன். மேல நாலு ஓட்டை போட்டு, குறி பாக்குற ஸ்கோப் மாட்டப் போறேன்."

"எதுல ஓட்டை?"

"இதுலதான்யா. இரும்புதானே, வலிக்கவா போகுது? உன் மூஞ்சியப் பாத்தா உன் பொண்டாட்டி மண்டையில ஓட்டை போடுற மாதிரில்ல இருக்கு!"

விழுந்து விழுந்து சிரித்தேன். சாசேஜும் பிரமாதம்.

திரும்பும் வழியில் ஆறு இடுப்பளவு ஓடியது. விசாரணையில் நான் சொன்னது உங்களுக்குத் தெரியும். நெவிலின் தோளிலிருந்து துப்பாக்கி நழுவி ஆற்றில் விழுந்தது, அதைப் பிடிக்கப்போய் அவனும் விழுந்தான், நான் பாய்ந்ததில் துப்பாக்கிதான் கைக்கு வந்தது. ஊரே என்னைத் தேற்றியது. ஹீதர் அழுதுகொண்டே, "நீயே வச்சுக்கண்ணா. இதோட அருமை உனக்குத்தான் தெரியும்" என்றாள். உருகிப்போனேன்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சற்று முன்னால் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னீர்கள்: "பாவம், ஆத்துல முங்கின துப்பாக்கி. என்னதான் தொடச்சாலும் உள்ள துரு ஏறாமலா இருக்கும்?"

என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், இதைச் சொல்லாதீர்கள். இதன் மேல் ஒரு சொட்டு ஆற்றுத் தண்ணீர் பட்டதில்லை. சறுக்குகிறவன் ஆயிற்றே என்று கரையிலேயே அவனிடமிருந்து வாங்கி, என் கழுத்தில் உயர்த்தி மாட்டிக்கொண்டேன். நடு ஆற்றில் அவனுக்குக் கால் வழுக்கியது. என் இடது கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "விட்டுடாத மச்சான்" என்றான். வலது கையால் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன். அப்போதும் துப்பாக்கி நனையாமல் பார்த்துக்கொண்டேன்.

வெளிச்சத்தில் காட்டி, குழாய்க்குள் இன்னொரு தரம் பாருங்கள். நியாயமாகச் சொல்லுங்கள், துரு இருக்கிறதா?