கதவு தட்டினால்

எண்பதுகளில், பிரெஞ்சு பேசும் ஒரு வெளிநாட்டு நகரத்தில், பனி கொட்டும் மாரிக்காலம். கார்ட்டியர்வில் என்ற பகுதிக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு தமிழ்த் தம்பதி. சின்னத் தையல் பட்டறை ஒன்றை நடத்துகிறார்கள் என்பது பேச்சில் விளங்கியது.

"முதலாவது சட்டம், கதவு தட்டினா ஒருத்தரும் ஓடக்கூடாது," என்றார் கணவர். மனைவி மடியில் வைத்த தாளில் எழுதினார்.

"நேற்று வந்த மனிசன் நெருப்பணைக்கிற சிலிண்டர் பாக்கத்தான் வந்தவராம். விசா இல்லாத எங்கட சனம், பிடிக்க வந்த இமிகிரேஷன் எண்டு நினைச்சுப் பின்கதவால பாய்ஞ்சிட்டுதுகள்," என்றார் அவரே.

"பொத்தான் தைக்கிற செல்வி சப்பாத்தும் இல்லாமல் ஸ்நோவுக்குள்ள நிண்டவள். கால் விறைச்சுப்போய் இண்டைக்கு வேலைக்கும் வரேல்லை," என்றார் மனைவி.

"இனி வருவாளோ?"

"தெரியாது. இஞ்சேருங்கோ, ஓடக்கூடாதெண்டு எழுதி ஒட்டினா பயம் போயிடுமே? ஆர் கதவைத் திறக்கிறதெண்டு முதல் சொல்லுங்கோ."

"நீர்தானே பிரெஞ்சு கதைப்பீர்."

"முதலாளி நீங்கள். நேற்று எல்லாருக்கும் முன்னால ஓடினதும் நீங்கள்தான்."

"என்ர கால் தன்ர பாட்டில ஓடிட்டுது."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எழுதும்," என்றார் மெல்ல. "கதவை முதலாளிதான் திறக்க வேணும். பெரிய எழுத்தில எழுதும். எல்லாரும் அதை வாசிச்சாத்தான் நான் ஓடாமல் நிப்பன்."