விசிலுக்குச் சாப்பிடும் பிள்ளை

எனக்கு எங்கே எழுத வரும் என்று சில வருஷம் தயங்கினேன். அம்மன் துணையால் இப்போது எழுதுகிறேன். படவேட்டில் அவளைக் கும்பிட்டுத் திரும்புகையில் பஸ்ஸில் கேட்டது இது.

முன்சீட்டில் அங்கன்வாடி டீச்சர். பக்கத்தில் கண்டக்டரின் மனைவி, மடியில் மகள்.

“பாப்பா சென்டர்ல வாயே தொறக்கலீங்க. வூட்ல எப்படி?” என்றார் டீச்சர்.

“வூட்ல விசில் ஊதினாதான் சோறே துன்னும் டீச்சர்,” என்றார் பக்கத்தில் நின்று டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர்.

“இன்னாது?”

“நான் கண்டக்டரு, அது டிரைவரு. ரெண்டு விசிலுக்கு ஒரு வாய் வாங்கும். ஒரு விசிலுக்கு நிறுத்திடும்.”

“அப்போ திங்கக்கிழமை விசிலோட சென்டருக்கு வாங்க.”

“நான் வந்து இன்னா சொல்லித் தரப்போறேன்? பத்தாவது பெயிலு.”

“வூட்டு ஆட்டத்த அங்க ஆடுங்க, போதும். அதுக்குப் பயம் தெளியும்.”

“இப்பிடியா?” என்று மனிதர் ஒருமுறை ஊதியே காட்டிவிட்டார்.

கரும்புத் தோட்டத்து நடுவே பஸ் நின்றது.

“யாருய்யா எறங்குறது?” என்று டிரைவர் கத்தினார். யாரும் அசையவில்லை.

“போலாம் ரைட்!” என்று குழந்தை கத்தியது.

டிரைவர் மறுபேச்சில்லாமல் வண்டியை எடுத்தார். பஸ்ஸே சிரித்தது.

“இந்தக் கொரல இன்னிக்குத்தான் கேக்குறேன்,” என்று டீச்சர் கண்ணைத் துடைத்தார். “நீங்க வராட்டி போங்க, விசிலக் குடுங்க!”

“விசிலயா? அய்யோ, நானே வர்றேன் டீச்சர்!”

அம்மன் கேட்க நடந்த பேச்சு. கூட்டாமல் குறைக்காமல் நாலு பேருக்குச் சொல்லுங்கள்.