அடிப்பலகை

இந்த அறைக் கதவு தரையில் உரசுகிறது, கவனித்தீர்களா சார்? மேலே பளபளவென்று பெயின்ட் அடித்தவர்கள் கீழ் விளிம்பை விட்டுவிட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத இடம்தானே என்கிற அலட்சியம். மரம் தண்ணீர் குடிப்பது அங்கேதான். வேறு சமயமாக இருந்தால் இழைப்புளியோடு வந்து நானே சரிசெய்து கொடுத்திருப்பேன்.

படகுகளுக்குக் கம்பி, கொக்கி, கைப்பிடி எல்லாம் பொருத்துவது என் தொழில். தளத்தின் மேல் நிற்கிற கம்பியைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். ஆளைத் தாங்குவது அது அல்ல. தளத்துக்கு அடியில், போல்ட் முடிகிற இடத்தில் கொடுக்கிற பலகை. அடிப்பலகை என்போம். அங்கே ஃபைபர் தகடோ ஸ்டீல் தகடோ போட்டால் நம் காலத்துக்குப் பிறகும் இருக்கும். மரம்தான் வேண்டுமென்றால் துளையைப் பெரிதாகப் போட்டு, பிசினால் அடைத்து, இறுகியபின் அதன் நடுவில் மறுபடி துளை போட வேண்டும். போல்ட் வழியாக இறங்குகிற தண்ணீர் அப்போதுதான் மரத்தைத் தொடாது. இதில் ஒன்றைக்கூட விடாதவன் என்று எனக்குப் படகுத்துறையில் நல்ல பெயர்.

என் அண்ணன் படகின் பின்பக்கக் கம்பிக்கு மட்டும் சாதாரணப் பிளைவுட் துண்டு ஒன்றை வைத்தேன். பிசின் போடவில்லை.

அவர் என்னை 'ஓட்டை' என்றுதான் கூப்பிடுவார். தொழிலுக்கு வந்த புதிதில் நான் பொருத்திய குழாய் ஒன்று ஒழுகி, படகுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்துவிட்டது. அன்று ஒட்டிக்கொண்ட பெயர். துறையில் அத்தனை பேர் முன்னாலும், "டேய் ஓட்டை, சாப்பிட்டியா?" என்பார். பாசமாகத்தான் கேட்பார், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒருநாள் அவர் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் மனைவி எனக்குப் பரிமாறிக்கொண்டே, "இவருக்கு எவ்வளவு போட்டாலும் நிக்காது, ஓட்டையாச்சே" என்றாள். அண்ணனுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. நானும் சிரித்தேன். மறுநாள் பிளைவுட்டை அறுத்தேன்.

அதன் பிறகு நான் பட்ட பாடு யாருக்கும் தெரியாது. மரம் உடனே மக்கிவிடாது சார். அண்ணன் இடுப்பை அந்தக் கம்பியில் முட்டுக்கொடுத்து, குனிந்து வாளியில் தண்ணீர் மொள்ளுவார். ஒவ்வொரு தடவையும் கையிலிருக்கிற வேலையை விட்டுவிட்டுப் பார்ப்பேன். நல்லபடியாக நிமிர்ந்துவிட வேண்டுமே என்று வேண்டிக்கொள்வேன். நிமிர்ந்ததும்தான் மூச்சு வரும். அவரைவிட நான்தான் பயந்து செத்தேன். மழைக்காலம் முடிந்ததும் தளத்துக்கு அடியில் படுத்து, ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தேன். நனைந்த ரொட்டியில் இறங்குவதுபோல இறங்கியது. மாற்றுவதென்றால் அரை நாள் வேலைகூட இல்லை. பெயின்ட் அடித்து மூடிவிட்டு வந்தேன்.

ஒரே ஒரு தடவை என் மனைவி அந்தப் படகில் ஏறினாள். பேச்சுவாக்கில் அந்தக் கம்பியில் சாயப் போனவளின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"அங்க சாயாத. பெயின்ட் காயல."

அவள் விரலால் கம்பியைத் தடவிப் பார்த்தாள். விரலைத் திருப்பிப் பார்த்தாள். 

அண்ணன் போன அன்று நான் கரையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். படகில் தனியாகப் போயிருந்தார். ஆளில்லாத படகு வட்டமடித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள். யாரையும் பிடித்துத் தள்ளுகிற ஆள் இல்லை நான். தண்ணீர் தன் வேலையைச் செய்தது.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு, அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டே அவள் கேட்டாள்.

"என்னங்க, அன்னைக்குப் பெயின்ட் காஞ்சுதானே இருந்துச்சு?"

திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.  அண்ணன் விஷயத்தில் பட்ட பயமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. ஆனால் நான் சாப்பிடும்போது பார்ப்பாள். தூங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டும் பார்ப்பாள்.

இன்று பிற்பகல் அவளை இங்கே ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறீர்களாம். அதனால்தான் முந்திக்கொண்டு நானே வந்தேன். அண்ணனைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தெரிவதில் எனக்குப் பயமில்லை. அவள் என் எதிரில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லக் கூடாது. அவ்வளவுதான் நான் கேட்பது.

எங்கள் வீட்டு மாடியில் மரத்தாலான பால்கனி உண்டு. போன வாரம் அதன் கைப்பிடிக் கம்பிக்கு அடியில் இருந்த ஸ்டீல் தகடுகளைக் கழற்றினேன். மக்குகிறவரை காத்திருக்க இந்தத் தடவை எனக்குத் தெம்பில்லை. ஏற்கெனவே மக்கிப்போன பலகையாகவே பார்த்து வைத்தேன். ஒரு வாரமாக மழை. இன்றைக்குத்தான் வெயில் அடிக்கிறது. ஈரப் போர்வைகளை அந்தக் கம்பியில் சாய்ந்து நின்றுதான் கொடியில் போடுவாள். அங்கே சாயாதே என்று இந்தத் தடவை நான் சொல்லவில்லை.

வேண்டுமானால் வீட்டுக்குப் போன் பண்ணிப் பாருங்கள் சார்.  அவள் எடுத்துவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.