சல்லடையின் அறிக்கை

இரவு பதினோரு மணி. பழைய ஆற்றுப் பாலத்துக்குப் போகிற சாலை. புதுப் பாலம் வந்த பிறகு அந்தப் பக்கம் நாய்கூடப் போவதில்லை. ஒரே ஒரு கார். ஓட்டியவர் என் நண்பனின் அக்கா கணவர். நண்பன் அவரை அத்தான் என்பான். நானும் அப்படியே சொல்கிறேன்.

பக்கத்து இருக்கையில் ஒரு பெட்டி. மருத்துவமனைக் கட்டிலருகே நிற்குமே... நரம்புக்குள் சொட்டுச் சொட்டாக மருந்து செலுத்தும் கருவி. அதுதான். பேட்டரியை அவரே கழற்றிவிட்டிருந்தார். மறுநாள் காலையில் விசாரணைக் குழு வருகிறது. அதற்குள் பெட்டி ஆற்றின் அடியில் கிடக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் சிறையில் கிடக்க வேண்டும்.

நெருங்கி உட்காருங்கள். அந்தக் கதவைச் சாத்திவிடுங்கள்.

அத்தான், அந்தக் கருவிக்குக் கெர்னல் எழுதும் குழுவின் தலைவர். கெர்னல் என்பது மற்ற நிரல்களெல்லாம் ஏறி நிற்கும் அடித்தளம். அதற்குள் நினைவகத்தைப் பங்கிடும் ஒரு பகுதி உண்டு. விடுதி மேலாளர் மாதிரி. கேட்கிற நிரலுக்கு ஓர் அறை கொடுக்கும். காலி செய்தால் அதை அடுத்தவருக்குக் கொடுக்கும். காலி செய்துவிட்டுப் போனவனே பழைய சாவியோடு திரும்பி வந்து உள்ளே எதையாவது கிறுக்கினால் ஆபத்து. இப்போது அந்த அறையில் இருப்பது மருந்தின் அளவாக இருக்கலாம்.

அதைப் பிடிக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். காலியான அறை முழுக்க ஒரே எழுத்தை நிரப்பிவிடுவார்கள். அடுத்தவருக்குக் கொடுக்கும் முன் சரிபார்ப்பார்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அறிக்கை வரும். எந்த அறை, வாங்கியது யார், காலி செய்தது யார். கீழே ஒரு தடம். பிழைவரை வந்த படிகள், வரிவரியாக. முதலில் நடந்தது அடியில், கடைசியாக நடந்தது உச்சியில்.

குழுவில் ஒரு பெண். சல்லடை என்று பெயர் வைத்திருந்தார்கள். எதையும் சலிக்காமல் விடமாட்டாள். அந்த அறிக்கை வந்தது அவளுடைய மேசையில்தான். ஓர் எழுத்து மாறியிருந்தது. அத்தானிடம் கொண்டுபோனாள். உன் மேசைக்கு மட்டும் பேய் பிடிச்சிருக்கா என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். மறுபடி வந்தது. மறுபடி கொண்டுபோனாள். கருவிகளை அனுப்ப வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அத்தான் அந்தச் சரிபார்க்கும் சோதனையையே நிறுத்திவிட்டார். வேகம் குறைகிறது என்று காரணம் எழுதினார். அதன் பிறகு அறிக்கை வரவில்லை.

"சத்தம் நின்னுடுச்சுல்ல? வேலையைப் பாரும்மா" என்றார்.

நெருப்பு மணியின் வாயைப் பொத்திவிட்டு நெருப்பு அணைந்துவிட்டது என்கிறீர்கள் என்றாளாம். அவளை வேறு குழுவுக்கு மாற்றினார். கருவிகள் ஊர் ஊராகப் போயின.

பிறகு அவளுக்கு வயிற்றில் ஓர் அறுவை சிகிச்சை. சிறியதுதான். முடிந்து வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். கட்டிலருகே... அந்தக் கருவி.

அன்றிரவு நிறுவனத்தின் உதவி எண்ணுக்கு வந்த அழைப்பை எடுத்தவர் அத்தான். பேசியவர் வார்டு நர்ஸ். திரையில் அளவு தாறுமாறாக மாறுகிறது, பேஷன்ட் வேறு கருவி கேட்கிறார் என்றார். பின்னால் ஒரு குரல். சோர்ந்த குரல். ஆனால் தெளிவாகக் கேட்டது.

"அணைக்காதீங்க சிஸ்டர். அணைச்சா தடயம் போயிடும்."

அத்தானுக்குக் குரல் தெரிந்தது. அவள் சொன்னது சரி என்பதும் தெரிந்தது. அணைத்தால் நினைவகம் முழுக்க அழிந்துபோகும்.

"ஒண்ணுமில்லை சிஸ்டர். ஒரு தடவை அணைச்சுட்டு மறுபடி போடுங்க" என்றார்.

நர்ஸ் அப்படியே செய்தார். கருவி மறுபடி ஓடியது, அளவு மீறி. விடிவதற்குள் சல்லடை இறந்துபோனாள்.

மருந்து ஓடிய கணக்கு மட்டும் ஒரு தனி நினைவுச் சில்லில் தங்கும், அணைத்தாலும் அழியாது என்பது அத்தானுக்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. அதற்குள் பெட்டியை ஆய்வுக்காக அவர் அலுவலகத்துக்கே திருப்பி அனுப்பியிருந்தார்கள். அதனால்தான் இந்தச் சாலை. இந்த நேரம்.

பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் காருக்குள் ஸ்பிரிட் வாசனை. ஊசி போடும் முன் பஞ்சில் தடவுவார்களே, அந்த வாசனை. கண்ணாடியை இறக்கினார். போகவில்லை. மறுபடி ஏற்றிவிட்டார். பிறகு... பீப். சின்னச் சத்தம். பேட்டரி இல்லாத பெட்டியின் திரை எரிந்தது.

பாலத்தின் நடுவில் காரை நிறுத்தி, பெட்டியோடு இறங்கி, நண்பனுக்கு போன் செய்தார். நண்பனும் அதே தொழில்தான். எல்லாவற்றையும் சொன்னார். அதுவரை அவர் யாரிடமும் சொன்னதில்லை. குரல் நடுங்கவில்லை என்கிறான் நண்பன்.

"மச்சான், அறிக்கை வந்திருக்குடா. சோதனையே இல்லாத பெட்டியில."

நண்பன் தடத்தைப் படிக்கச் சொன்னான். அத்தான் அடியிலிருந்து படித்தார். சோதனையை நிறுத்தினான். அறிக்கையை மூடினான். அணைக்கச் சொன்னான். பேட்டரியைக் கழற்றினான். மச்சானை அழைத்தான்.

அதோடு நிறுத்திவிட்டார்.

"உச்சியில என்ன அத்தான்?"

"மூழ்கினான்னு இருக்கு."

தண்ணீர்ப் பக்கமே போகாதீர்கள், பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள், காலையில் நீங்களே குழுவிடம் சொல்லிவிடுங்கள் என்றான் நண்பன். இன்னும் எத்தனை கட்டிலருகே அது நின்றுகொண்டிருக்கிறது என்று கேட்டான். 

"சொன்னா நான் காலிடா. எனக்கென்ன பைத்தியமா?"

சிரித்தார். பெட்டியைத் தூக்கி வீசப்போகிறவர் மாதிரி ஒரு முனகல். பிறகு முனகல் பாதியில் நின்றது. ஓடுகிற காலடி. கார்க் கதவு அறைந்து சாத்திய சத்தம். பூட்டு விழுந்த சத்தம். இருக்கைப் பட்டை மாட்டிய சத்தம்.

"கார்ல ஏறிட்டேன். பூட்டிட்டேன். தண்ணி கீழே எங்கேயோ இருக்கு. இங்கே எப்படிடா..."

அதற்குப் பிறகு நண்பன் கேட்டது குடம் நிரம்புவது போன்ற ஒலி. முதலில் கனமாக. போகப் போக மெல்லியதாக. நிரம்பி முடிந்ததும் ஒன்றுமில்லை.

நண்பன் போனபோது காரின் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. பூட்டை உடைத்துத் திறந்தார்கள். இருக்கை காய்ந்திருந்தது. சட்டையும் காய்ந்திருந்தது. அத்தானின் நுரையீரல் முழுக்கத் தண்ணீர் என்றார் மருத்துவர். ஆற்றுத் தண்ணீர் இல்லை. ஊசியில் ஏற்றும் தண்ணீர், சுத்தமானது.

பெட்டி பாலத்தின் கைப்பிடிச் சுவர்மேல், யாரோ எடுத்து வைத்தது போல நேராக நின்றது. அக்கா அழுதுகொண்டிருந்தபோதே நண்பன் அதை விசாரணைக் குழுவிடம் கொடுத்தான். அக்கா இன்றுவரை அவனிடம் பேசுவதில்லை. ஆனால் எல்லா ஊர்களிலிருந்தும் கருவிகளைத் திரும்ப வாங்கிவிட்டார்கள். சல்லடையின் பழைய அறிக்கையைத் தேடி எடுத்து, அதன்படியே பிழையைத் திருத்தினார்கள்.

அந்தப் பெட்டி இப்போது எங்கே என்று கேட்பீர்கள். குழுவின் அறையில், பூட்டிய அலமாரிக்குள். பேட்டரி இல்லை. திரை அணைவதில்லை. தடம் இன்னும் முடியவில்லை என்று குழுவில் ஒருவர் கவனித்து, படித்துச் சொல்ல நண்பனைக் கூப்பிட்டார்.

மூழ்கினான் என்ற வரிக்கு மேலே, அத்தானை அடக்கம் செய்த மறுநாள் ஒரு வரி வந்திருந்தது. விழித்தான். அதற்கு மேல், சவப்பெட்டிப் பலகையைத் தட்டினான். அதற்கு மேல், மன்னிப்புக் கேட்டான். அதற்கு மேல் திரும்பவும், மூழ்கினான்.

ஒவ்வொரு நாளும் அதே சுற்று. நண்பன் அவ்வப்போது போய்ப் பார்க்கிறான். அக்காவிடம் சொல்லவில்லை.

நேற்றும் போயிருந்தான். அன்றைய சுற்றைப் படித்தான். விழித்தான், இருந்தது. தட்டினான், இருந்தது. மூழ்கினான், இருந்தது.

மன்னிப்புக் கேட்ட வரி மட்டும் இல்லை.