வாசல் இல்லாத இடம்

செல்லக்கிளி: குரங்கணின்னு சொல்லிட்டேன். சொன்னா சொன்னதுதான்.

மொக்கச்சாமி: நீ சொன்னா ஆச்சா? ஜீப்பு ஓட்டுறது நீயா, நானா?

செல்லக்கிளி: ஜீப்பு எஸ்டேட்டு மொதலாளி வீட்டு ஜீப்பு. நீங்க ஓட்டுறீக, அம்புட்டுத்தான்.

மொக்கச்சாமி: சரி, ஓட்டுறவன் சொல்றேன், கேளு. புலியூத்து. மெட்டு ரோட்டுல ஏறுனோமா, ஓரங்கட்டுனோமா, அருவி மூஞ்சிக்கு நேரா கொட்டும். புள்ள நனையும், நாம பாப்போம். கட்டுச்சோத்தத் தின்னுட்டு எறங்கிருவோம்.

செல்லக்கிளி: தை மாசத்துல புலியூத்துல தண்ணி எங்க கொட்டுது? ஒழுகுது.

மொக்கச்சாமி: அஞ்சு வயசுப் புள்ள நனையிறதுக்கு அது போதும்டி. குரங்கணியில மட்டும் என்ன இருக்காம்?

செல்லக்கிளி: ஆறு இருக்கு. மாமரம் இருக்கு. கால நீட்டி உக்கார நெழலு இருக்கு.

மொக்கச்சாமி: கொரங்கு இருக்கு.

செல்லக்கிளி: இருக்கட்டுமே.

மொக்கச்சாமி: இருக்கட்டுமேவா? போன வருசம் லோடு ஏத்தப் போனப்ப என் தூக்குச்சட்டியத் தூக்கிக்கிட்டு மரத்துல ஏறிருச்சு. நான் கீழ நின்னு பாக்குறேன், அது மேல உக்காந்து புளிச்சோறு திங்குது. கைய நக்குறப்பக் கூட என்னையப் பாத்துக்கிட்டே நக்குச்சு.

செல்லக்கிளி: சட்டிய என்ன செஞ்சுச்சு?

மொக்கச்சாமி: ...தலையில போட்டுச்சு.

செல்லக்கிளி: நல்ல கொரங்கு.

மொக்கச்சாமி: சிரி, சிரி. பொறந்தநாளு அதுவுமா புள்ள கையில இருக்கிறதப் பிடுங்கிட்டுப் போனாத் தெரியும்.

செல்லக்கிளி: ஒங்க புலியூத்து மட்டும் ஒசத்தியாக்கும். லாரிக்காரன் ஒவ்வொரு வளைவுலயும் ஆரன் அடிச்சே புள்ளைக்குக் காது போயிரும்.

மொக்கச்சாமி: காது... காதுன்ன ஒடனே மூஞ்சி ஏன் சுருங்குது?

செல்லக்கிளி: ஒண்ணுமில்ல. பேச்ச மாத்தாம குரங்கணிக்கு வாங்க.

மொக்கச்சாமி: புலியூத்து.

பொன்னுமணி: நான் சொல்லட்டா?

செல்லக்கிளி: வாடி என் தங்கம். ஒனக்குத்தான பொறந்தநாளு, நீயே சொல்லு. ஆத்துல மீன் பாக்கலாமா? மாமரத்துல ஏறலாமா?

மொக்கச்சாமி: ஏய், சொல்லிக் குடுக்காத! பொன்னு, நீ அப்பா பக்கந்தான? அருவி... ஜில்லுன்னு...

பொன்னுமணி: பம்புசெட்டு!

செல்லக்கிளி: என்னது?

பொன்னுமணி: சிலமலையில பெரியப்பா தோட்டத்துப் பம்புசெட்டு. தொட்டியில தொபுக்கடீர்னு குதிக்கணும்.

மொக்கச்சாமி: அங்க வேணாம்!

செல்லக்கிளி: அங்க வேணவே வேணாம்!

பொன்னுமணி: ஏம்ப்பா?

மொக்கச்சாமி: அது... கரண்டு இருக்காது ஆத்தா.

செல்லக்கிளி: ஆமா. இருந்தாலும் தண்ணி வராது.

பொன்னுமணி: நேத்துக் கூட வந்துச்சே.

மொக்கச்சாமி: நேத்து வந்துச்சுன்னா ஞாயித்துக்கெழமை எப்பிடி வரும்? நீ ரொம்பக் கேள்வி கேக்குற.

பொன்னுமணி: கேக்கு உண்டா? எஸ்டேட்டு வீட்டுப் பாப்பாவுக்கு வெட்டுனாங்களே, அந்த மாதிரி.

செல்லக்கிளி: பெரிய பன்னா வாங்கி, மேல மெழுகுவத்தி நட்டுத் தர்றேன். ஊதணும், என்ன?

பொன்னுமணி: சுடுமா?

செல்லக்கிளி: சுடாது. ஆனாலும் ஊதணும். அதான் பொறந்தநாளு.

பொன்னுமணி: போன பொறந்தநாளுக்கு ஏன் ஊதல?

செல்லக்கிளி: போன தடவ... அப்ப நீ சின்னப் புள்ள.

பொன்னுமணி: அம்மா, தோடு? ராமுத்தாயி செவப்புக்கல்லுத் தோடு போட்டுருக்கா. என் காதுல ஓட்டையே இல்லன்னு பயலுக எல்லாம் என்னைய 'வாடா தம்பி'ங்கிறாய்ங்க.

செல்லக்கிளி: எவன் சொன்னான்?

பொன்னுமணி: எல்லாரும்.

மொக்கச்சாமி: நாளைக்கு நான் பள்ளிக்கூடம் வந்து கேக்குறேன். இப்பப் போயி வாசல்ல வெளாடு ஆத்தா. தெருவுக்குப் போகாத.

செல்லக்கிளி: ...கேட்டீகளா?

மொக்கச்சாமி: கேட்டேன்.

செல்லக்கிளி: தம்பியாம்.

மொக்கச்சாமி: கேட்டேன்டி... அதான் சொல்றேன், ஒன் சித்தப்பன் மகன் இருக்கான்ல, அவன் மடியில உக்கார வச்சுக் குத்திருவோமா?

செல்லக்கிளி: கூடப்பெறந்த அண்ணன் குத்துக்கல்லு மாதிரி இருக்கையில எவன் மடியிலயோ என் புள்ளைய வைக்கவா? அதுக்கு அவ மொட்டைக் காதோடயே இருக்கட்டும்.

மொக்கச்சாமி: கோவிச்சுக்கிறாத. சும்மா கேட்டுப் பாத்தேன். எனக்கும் மனசு ஒப்பல.

செல்லக்கிளி: எல்லாம் ஒங்க வாயால வந்தது.

மொக்கச்சாமி: ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன்.

செல்லக்கிளி: என்ன வார்த்தை, இப்பச் சொல்லுங்க பாப்போம்.

மொக்கச்சாமி: ...தொட்டிலு வந்து சேர்றதுக்குள்ள புள்ள எந்திரிச்சு நடந்துரும்னு.

செல்லக்கிளி: புள்ளையத் தொட்டில்ல போடுற அன்னைக்குப் பந்தியில இருந்த அம்புட்டுப் பேரும் சிரிச்சாக. எங்கண்ணன் வாசல்ல நிக்கிது. மெட்டு ரோட்டுல மரம் விழுந்து வண்டி வராம, மலை பூரா நனைஞ்சுக்கிட்டே, மருமகளுக்குச் செஞ்ச தொட்டிலத் தலையில வச்சு நடந்து வந்த மனுசன்.

மொக்கச்சாமி: அது எனக்கு அப்பத் தெரியுமா? நேரம் தாண்டுதுன்னு எங்கக்கா சேலையில தூளி கட்டிப் புள்ளையப் போட்டுருச்சு. தூளியில கெடக்குற புள்ளையப் பாத்ததும் ஒங்கண்ணனுக்கு மூக்குக்கு மேல கோவம். 'இனி இந்த வாசல மிதிச்சா நான் சோலை இல்ல'ன்னாரு.

செல்லக்கிளி: நீங்க வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்தீகளா?

மொக்கச்சாமி: நானும் ஒங்க வாசல மிதிக்க மாட்டேன்னேன். வாயில வந்துருச்சு... தொட்டிலத் திரும்பத் தலையில தூக்கிக்கிட்டுப் போனாரு பாரு, அத நெனச்சா இன்னமும் சோறு எறங்க மாட்டேங்குது.

செல்லக்கிளி: இத்தன வருசத்துல இன்னைக்குத்தான் இதச் சொல்றீக.

மொக்கச்சாமி: சொல்லி என்ன ஆகப்போகுது? காதுகுத்துன்னா வெத்தல பாக்குத் தட்டோட மாமன் வாசலுக்குப் போயி அழைக்கணும். மொறை அது. நான் போனா சொன்ன சொல்லு போச்சு. அவரு இங்க வந்தா அவரு சொல்லு போச்சு.

செல்லக்கிளி: இப்ப எதுக்கு அந்தப் பேச்சு? இது காதுகுத்தா என்ன? பொறந்தநாளு.

மொக்கச்சாமி: அதான, பொறந்தநாளு. யாரு வந்தா என்ன, வராட்டி என்ன?

செல்லக்கிளி: எனக்கும் ஒண்ணுமில்ல.

மொக்கச்சாமி: எனக்குந்தான்.

செல்லக்கிளி: ...குரங்கணி.

மொக்கச்சாமி: புலியூத்து.

செல்லக்கிளி: அப்பிடி என்ன பிடிவாதம்? புலியூத்துல யாரு ஒங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்காக?

மொக்கச்சாமி: யா... யாரு இருக்கா? யாரும் இல்ல. ஒனக்கு யாரு காத்துக்கிட்டு இருக்கா குரங்கணியில?

செல்லக்கிளி: எனக்கா? கொரங்குதான்.

பொன்னுமணி: அம்மா! வெளிய ஒரு ஆளு நிக்கிறாரு.

செல்லக்கிளி: யாருன்னு கேளு.

பொன்னுமணி: கேட்டேன். பேசாம என்னையவே பாத்துக்கிட்டு நிக்கிறாரு. தோள்ல பெரிய பலகை.

மொக்கச்சாமி: பலகையா? கடன்காரன் கதவக் கழட்டிட்டுப் போவான், இவன் யாரு பலகையக் கொண்டாந்து குடுக்குறவன்?

செல்லக்கிளி: ஏங்க... எட்டிப் பாருங்க... எங்கண்ணன்.

மொக்கச்சாமி: அடி ஆத்தே.

பொன்னுமணி: அம்மா, ஏன் அழுகுற?

செல்லக்கிளி: அழுகல. அடுப்புப் பொகை.

பொன்னுமணி: அடுப்பே பத்த வைக்கலையே.

செல்லக்கிளி: அண்ணே! அங்கனயே நிக்கிறியே... உள்ள வா. செம்புல தண்ணி மோந்து தர்றேன், வா.

சோலை: வேணாந்தா. இங்க தெருவுக்குக் கொண்டா. இது மாமன் சொல்றேன் பாப்பா, பொன்னுமணி... பேரு பொன்னுமணிதான?

பொன்னுமணி: ஆமா.

சோலை: ஒங்க அப்பாகிட்ட ஒரு சோலியா வந்தேன்னு சொல்லு. கயிறு வெட்டணும். மரம் எம்புட்டு ஒசரம்னு தெரிஞ்சாத்தான் வெட்ட முடியும். எந்த மரம்னு கேளு.

பொன்னுமணி: அப்பா, எந்த மரம்?

மொக்கச்சாமி: எந்த மரம்னா... என்ன மரம்னு ஒங்க மாமாட்டக் கேளு.

பொன்னுமணி: மாமா, என்ன மரம்?

சோலை: அதச் சொல்ல வேண்டியதே அவருதான். மெட்டு டீக்கடையில சீனிச்சாமியப் பாத்துப் பேசுற மாதிரி, பின்னாடி உக்காந்திருந்த என் காதுல விழுகுற மாதிரி, 'ஞாயித்துக்கெழமை புள்ளைக்குப் பொறந்தநாளு, புலியூத்துல இருப்போம்'னு சொன்னாரா இல்லையான்னு கேளு.

பொன்னுமணி: சொன்னீங்களாப்பா?

மொக்கச்சாமி: நான் சீனிச்சாமிட்டத்தான் சொன்னேன்னு சொல்லு.

பொன்னுமணி: சீனிச்சாமிட்டத்தான் சொன்னாராம்.

சோலை: மூணு தடவ சொன்னாரே, சீனிச்சாமிக்குக் காது கேக்காதான்னு கேளு.

செல்லக்கிளி: ஏங்க! நீங்க போயா எங்கண்ணன...

சோலை: பாப்பா, ஒங்க அம்மாவ ரொம்பத் துள்ள வேணாம்னு சொல்லு. ஏலக்கா எடுக்க வர்ற கருத்தம்மாகிட்ட, 'ஞாயித்துக்கெழமை குரங்கணி ஆத்தங்கரைக்கு எங்கண்ணன வரச் சொல்லு, வீட்டுக்காரருக்குத் தெரிய வேணாம்'னு சொல்லிவிட்டது யாருன்னு கேளு.

மொக்கச்சாமி: கிளி! அதான் குரங்கணி குரங்கணின்னு தவம் கெடந்தியா?

செல்லக்கிளி: நீங்க மட்டும் புலியூத்து புலியூத்துன்னு...

பொன்னுமணி: மாமா, அம்மா சொல்லிவிட்டுச்சான்னு நான் இன்னும் கேக்கல, இருங்க. அம்மா...

சோலை: அதையும் கேளு, ஒரே நாள்ல ஒரு ஆளு ரெண்டு எடத்துல எப்பிடி நிக்கிறதுன்னும் கேளு.

மொக்கச்சாமி: அதுக்கு ஒங்க மாமாட்ட என்ன சொல்றேன்னா...

பொன்னுமணி: போங்க! எனக்கு வாய் வலிக்குது. பக்கத்துலதான நிக்கிறீங்க, நீங்களே பேசிக்கோங்க.

மொக்கச்சாமி: வாங்க மச்சான்.

சோலை: வந்துட்டேன் மாப்ளே. நல்லாருக்கீகளா?

மொக்கச்சாமி: இருக்கேன்... அது என்ன பலகை?

சோலை: அன்னைக்குத் திருப்பிக் கொண்டுபோன தொட்டிலுதான். சட்டத்தப் பிரிச்சு ஊஞ்சப் பலகையா இழைச்சுட்டேன். மாப்ளே சொன்ன மாதிரியே, தொட்டிலு வந்து சேர்றதுக்குள்ள புள்ள எந்திரிச்சு நடந்துருச்சுல்ல.

மொக்கச்சாமி: மச்சான்... அந்தப் பேச்சு என்னையத்தான் இத்தன வருசமாக் குத்துது.

சோலை: விடுங்க மாப்ளே. இப்ப எனக்கே சிரிப்பு வருது. ஊருல எவனும் இப்பிடிச் சட்டுனு சொல்ல மாட்டான்.

பொன்னுமணி: ஊஞ்சலா? எனக்கா?

சோலை: வேற யாருக்கு? மரத்தச் சொல்லுங்கப்பா. புலியூத்துக்கு ரெண்டு கெளைக்கு நடுவுல கட்டணும், கயிறு குட்டை. குரங்கணி மாமரத்துக்கு நீட்டக் கயிறு.

மொக்கச்சாமி: குரங்கணியே இருக்கட்டும். கிளி ஆசைப்பட்டுட்டா.

செல்லக்கிளி: வேணாம் வேணாம், புலியூத்து. அவுகதான் மொதல்ல சொன்னாக.

மொக்கச்சாமி: ஏய், இம்புட்டு நேரம் குரங்கணின்னுதான கத்துன?

செல்லக்கிளி: கொரங்கு இருக்காம்ல.

மொக்கச்சாமி: இருக்கட்டுமே!

சோலை: ஒங்க ரெண்டு பேரையும் வச்சுக்கிட்டு... பாப்பா, நீ சொல்லுத்தா. எங்க கட்டணும்?

பொன்னுமணி: பம்புசெட்டு!

சோலை: சிலமலைத் தோட்டமா? கெணத்தடியில வேப்பமரம் நிக்குதுல்ல?

மொக்கச்சாமி: நிக்கிது மச்சான். நல்லா பெருத்த மரம்.

சோலை: நெலைவாசலு எதுவும் இருக்கா?

மொக்கச்சாமி: பம்புசெட்டுக்கு ஏது மச்சான் நெலைவாசலு? அருவிக்குக் கெடையாதுன்னுதான நானும் புலியூத்தத் தேடுனேன்.

செல்லக்கிளி: ஆத்தங்கரைக்குக் கெடையாதுன்னுதான் நானும்... நீங்களும் அதத்தான் நெனச்சீகளா?

மொக்கச்சாமி: பெறகு? நீ மட்டுந்தான் நெனப்பியா?

சோலை: சரிதான். சம்சாரம் ஒண்ணு, பேச்சு ரெண்டு. பம்புசெட்டே முடிவு.

பொன்னுமணி: கரண்டு வருமாப்பா?

மொக்கச்சாமி: வரும் ஆத்தா, இப்ப வரும்.

சோலை: எல்லாஞ் சரி மாப்ளே. ஒண்ணு கேக்கணும்.

மொக்கச்சாமி: கேளுங்க.

சோலை: நான் தொட்டிலத் தலையில வச்சு எறங்குன அன்னைக்கு அடிச்சது ஆனிச் சாரலு. அதுக்கு மொத நாள்தான் புள்ளைக்கு மாசம் ஒண்ணாச்சு. இன்னைக்கு வெயிலு மண்டையப் பொளக்குது, தை நடக்குது. இதுல பொறந்தநாளு எப்பிடி வந்துச்சு? பெத்தவுக மறந்தீகளா, இல்ல மாமனுக்கு மறந்திருக்கும்னு நெனச்சீகளா?

செல்லக்கிளி: அண்ணே...

மொக்கச்சாமி: யாரும் மறக்கல மச்சான். காதுகுத்துன்னா தட்டு தூக்கணும், வாசல் மிதிக்கணும். பொறந்தநாளுக்கு நம்மள்ல மொறையே கெடையாது, எங்கயும் கூப்புடலாம், எப்பவும் வைக்கலாம். கிளி 'ஞாயித்துக்கெழமை பொறந்தநாளு'ன்னு சொன்னா. எனக்குத் திக்குனு இருந்துச்சு. ஆனாலும் ஆமான்னுட்டேன். ஏன்னு அவளும் சொல்லல, நானும் கேக்கல. நீங்க வந்து நின்னா அப்பிடியே புள்ளைய ஒங்க மடியில தூக்கி வச்சுக் காது குத்திரலாம்னு... அம்புட்டுத்தான்.

சோலை: தெரிஞ்சேதான் வந்தேன் மாப்ளே. தோடு என் மடியிலதான் இருக்கு, அன்னைக்குத் தொட்டிலோட வாங்குனது. காது குத்துற ஆசாரிகிட்டயும் சொல்லிட்டேன், எந்த எடம்னாலும் ஞாயித்துக்கெழமை வந்துர்றேன்னுட்டாரு. கருத்தம்மா எல்லாஞ் சொன்னா, தம்பின்னு ஊரே கூப்புட்டாலும், வேற ஒருத்தன் மடியில வைக்காம எனக்காக அந்தக் காத அப்பிடியே வச்சிருந்தீகளே... கிளி, தண்ணியத் தெருவுக்குத் தூக்கிட்டு வராத. உள்ளயே வையி. வந்து குடிச்சுக்கிறேன்.